கப்பல் ஆடிய நாள்

பாவ்ஜூவும் நானும் கீலுங் துறைமுக ஊரின் கோயில் சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரிகள். அவள் மீன் உருண்டை சூப் விற்றாள், நான் காய்கறி விற்றேன். அவளும் அவள் கணவர் ஜின்ஃபாவும் கப்பலில் சுற்றுலா போய்வந்த கதையை இருவருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஜின்ஃபா பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர். அதனால் பாவ்ஜூ சொன்னதைத்தான் பெரும்பாலும் நம்புகிறேன்.

கொதிக்கும் அண்டா முன்னால் நின்றே காலம் தள்ளியவள் பாவ்ஜூ. இடுப்பும் முழங்கால்களும் தேய்ந்துபோனதும் கடையைக் கைமாற்றி விட்டாள். வீட்டுக்குள் கைத்தடி போதும், வெளியே போவதென்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜின்ஃபா அன்றைக்கே நல்லதாக ஒன்று வாங்கிவந்தார். பாவ்ஜூ அதன்மேல் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டாள்.

"அதுல உக்காந்தேன்னு வை, சந்தையே குனிஞ்சு நின்னு கொழந்தகிட்ட பேசுற மாதிரி பேசும். காலோட சேந்து காதும் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் என்னிடம்.

அதோடு வெளியே போவதையே விட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்ப்பாள். வெள்ளை வெளேரென்று, பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், ஊரையே மறைத்துக்கொண்டு நிற்கும் சுற்றுலாக் கப்பல்கள்.

ஜின்ஃபா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மலைப்பாதையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போய், அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை பேருந்திலேயே தூங்கியவர். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "முதலாளியம்மா, நாம கப்பல்ல போவோம். ஒகினாவா தீவு வரைக்கும். அதுல நாம நடக்கவே வேண்டாம். தங்குற ஓட்டலே நம்மள ஊர் ஊரா தூக்கிட்டுப் போவுது."

"அந்த நாற்காலியும் வருமா?"

"வரும். ஆனா நீ உக்கார வேண்டாம். மடிச்சு வெச்சுக்குவோம்."

"பொய் சொல்றே, கிழக்குரங்கே."

"சொல்றேன். வர்றியா இல்லையா?"

வந்தாள். அகலமான கதவும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் உள்ள அறையாகக் கேட்டு வாங்கியிருந்தார். கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய பலகணியும் இருந்தது. முதல் நாள் மாலை பாவ்ஜூ அந்தப் பலகணியைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஜின்ஃபா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார். மேல்தளத்தில் ஆட்டம், பாட்டம். "எங்க வீட்டு ஜன்னலையே தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் அவள். சும்மாதான் சொன்னாள், ஆனால் ஜின்ஃபாவின் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் விடியும்போதே வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. கப்பல் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. மேசைமேல் இருந்த கோப்பை நகர்ந்துபோய் ஜின்ஃபாவின் செருப்புக்குள் விழுந்தது. அவர் படுக்கையிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், குளியலறைக்கு ஓடினார். திரும்பி வரும்போது முகம் ஊறப்போட்ட முள்ளங்கி போல இருந்தது.

பாவ்ஜூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பாதோவ்ட்ஸு என்ற கடலோர ஊரின் மீனவர் வீட்டுப் பெண். நடக்கக் கற்றதே அப்பாவின் படகில்தான். ஜின்ஃபாவோ புலி என்ற உள்நாட்டு ஊர்க்காரர். சுற்றிலும் மலை, கடல் என்பதே கிடையாது.

"மலை ரோட்டுல வாந்தி எடுக்குறவங்கள என்ன பேச்சு பேசுவே நீ" என்றாள் பாவ்ஜூ, ஈரத் துண்டை அவர் நெற்றியில் போட்டபடி. "தைரியம் இல்லாதவன் ஏன்டா வண்டி ஏறுறேம்பியே."

"செத்துட்டேன்னா என்னைக் கடல்லயே போட்டுடு."

"மாட்டேன். மீனு என்ன பாவம் பண்ணுச்சு?"

சூடாக இஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும் உள்ளே போனால் அவர் தேறுவார் என்று அவளுக்குத் தெரியும். அறைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. கப்பல் முழுக்க இதே கூத்தாக இருக்க வேண்டும். கைத்தடியை ஊன்றி எழுந்தாள். தரை சாய்ந்தது, தடி வழுக்கியது, மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். மூலையில் மடித்துச் சாத்தியிருந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எட்டி இழுத்து, விரித்து, அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போற?" என்றார் ஜின்ஃபா, கண்ணைத் திறக்காமல்.

"ஊர் சுத்த."

நடைபாதையின் இருபுறமும் கைப்பிடிக் கம்பிகள். அண்டா தூக்கிய கைகள் அவளுடையவை. கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து நாற்காலியை ஓட்டிக்கொண்டு போனாள். எதிரே வந்த இளவட்டங்கள் அதே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை வைத்து வந்தார்கள். "அப்படியே என் நடைடீ" என்று என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கம்பிகளில் அங்கங்கே வாந்தி எடுக்கக் காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். மின்தூக்கி அருகே கட்டுமஸ்தான ஆள் ஒருவன் கம்பளத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"அக்கா, இது எப்போ நிக்கும்?"

"கரை வந்தா நிக்கும்."

"கரை எப்போ வரும்?"

"நாளைக்கு. அதுவரைக்கும் எதையும் உத்துப் பாக்காதே தம்பி. ஜன்னல்ல தூரமா பாரு."

சாப்பாட்டுக் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. அடுக்கடுக்காக உணவு, சாப்பிட ஆளில்லை. ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ் பணியாளர் அவளைக் கண்டதும் விருந்தாளி வந்த வீட்டுக்காரர் மாதிரி ஓடிவந்து, ஒரு நாற்காலியை அகற்றிவிட்டு மேசைக்கு நேராக அவளை நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினார். பாவ்ஜூ மீன் கஞ்சி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்று சொல்லவும் செய்தாள். ஜின்ஃபாவுக்கு வெறும் கஞ்சி, இஞ்சித் தண்ணீர், கூடவே குமட்டலுக்குப் பச்சை ஆப்பிள் நாலு. எல்லாவற்றையும் மூடிபோட்டு ரோமெல் அவள் மடியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அறையில் கஞ்சியைக் குடித்ததும் ஜின்ஃபா தூங்கிப்போனார். பாவ்ஜூ கொஞ்ச நேரம் பலகணிக் கதவோரம் உட்கார்ந்தாள். பிறகு மறுபடி கிளம்பிவிட்டாள்.

மாஜாங் என்ற காயாட்டம் விளையாடும் அறையில் மூன்று பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் இல்லாமல் மாஜாங் ஆட முடியாது. அவர்களுடைய நாலாவது ஆள் அறையில் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். ஜியாயி ஊரிலிருந்து வந்திருந்த ஷூயுவே என்பவளுக்குத்தான் குரல் பெரிது.

"ஏய், உனக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியும். ஆனா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பாக்குறேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வா, வந்து உக்காரு."

"நான் உக்காந்துதானே வர்றேன்" என்றாள் பாவ்ஜூ. மூவரும் ஒரு கணம் விழித்தார்கள். அப்புறம் ஷூயுவே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கப்பல் சாயும்போதெல்லாம் காய்கள் சறுக்கி அடுத்தவள் பக்கம் போயின. யார் காய் யாருடையது என்று சண்டை. பாவ்ஜூ சாயங்காலம்வரை ஆடினாள், நிறைய ஜெயித்தாள். அறைக்குத் திரும்பியபோது ஜின்ஃபா பயந்துபோய் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கே போயிட்டே? விழுந்து கிழுந்து வெச்சியோன்னு..."

"ஆட்டம் ருசியா இருந்துச்சு. மறந்துட்டேன்."

"என்னையா?"

"உன்னையும்தான்."

அவளை அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று ஜின்ஃபா பின்னால் என்னிடம் சொன்னார். கன்னம் சிவந்து, தலை கலைந்து, மடியில் யாரோ கொடுத்த முறுக்கிய மாவுப் பலகாரப் பொட்டலத்தோடு.

மறுநாள் ஒகினாவாவின் நாஹா துறைமுகத்தில் கடல் எண்ணெய் போல இருந்தது. பாவ்ஜூ தானாகவே நாற்காலியில் உட்கார, ஜின்ஃபா தள்ளிக்கொண்டு இறங்கினார். கூரை போட்ட சந்தைத் தெருவுக்குப் போனார்கள். கடைகளில் தொங்கிய பன்றி முகம், ஊதா வள்ளிக்கிழங்கு, நீல மீன்கள். எதைப் பார்த்தாலும் பாவ்ஜூ நிறுத்தச் சொன்னாள். நடுத்தெருவில் ஜின்ஃபாவுக்குத் தலை கிறுகிறுத்தது. தரை இன்னும் ஆடுவது போலிருந்தது. உட்கார ஒரு பலகைகூட இல்லை.

பாவ்ஜூ கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். "உக்காரு."

"உனக்கு என்ன பைத்தியமா? ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். உக்காருன்னேன்."

உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் இரண்டு கைப்பிடிகளிலும் பாரத்தைப் போட்டு நின்றாள். கைத்தடியைவிட உறுதியாக இருந்தது. ஒரு தப்படி, நின்று இன்னொரு தப்படி. நாற்காலி நகர்ந்தது. வழுவழுப்பான தரையில் புருஷனைத் தள்ளிக்கொண்டு ஊறுகாய்க் கடையையும் துணிக் கடையையும் தாண்டினாள்.

கருப்பட்டி விற்கும் கடைக்கார அம்மா வெளியே வந்தார். ஜின்ஃபாவின் வெளுத்த முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, அவர் கையைத் தட்டிக்கொடுத்து, ஜப்பானிய மொழியில் நீளமாக ஆறுதல் சொன்னார். ஒரு பெரிய கருப்பட்டித் துண்டை அவர் வாயிலேயே வைத்தார். பிறகு பாவ்ஜூவைப் பார்த்துக் கைகூப்பித் தலை தாழ்த்தினார். நோயாளிக் கணவனை இப்படிப் பார்த்துக்கொள்கிறாளே என்று.

ஜின்ஃபா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். பாவ்ஜூ அவர் தோளைக் கிள்ளினாள். "சும்மா இரு. நல்ல பேரு வாங்கிட்டிருக்கேன்."

சிரித்ததில் அவளுக்குக் கால் தளர்ந்தது. கடைக்கார அம்மா பதறி ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, கருப்பட்டியைத் தின்று தீர்த்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் கடல் அமைதியாக இருந்தது. நாலாவது ஆள் தேறி வந்த பிறகும் ஷூயுவே கூட்டம் பாவ்ஜூவை மாஜாங் மேசையிலிருந்து விடவேயில்லை. ஜின்ஃபா அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்லிக் கெடுத்துக்கொண்டிருந்ததால் அவரைத் தேநீர் எடுத்துவர அனுப்பினார்கள். அவரும் சந்தோஷமாகப் போய்வந்தார். கீலுங் வந்தபோது வழக்கம்போல மழை. ஜனங்கள் பெட்டிகளோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்காரர்கள் முதலில் இறங்கலாம் என்று ரோமெல் வந்து சொன்னார்.

"கிளம்பலாமா, முதலாளியம்மா?" என்றார் ஜின்ஃபா.

"இறங்குறவங்க இறங்கட்டும்" என்றாள் பாவ்ஜூ, காய்களைக் கலைத்தபடி. "இந்த ஒரு சுத்து முடிச்சிட்டு வரேன்."