குடும்பப் பெயர் என்ற கட்டம்

கண்ணாடிக்கடையில் பதினோரு வருடம் சம்பளத்துக்கு நின்றவள், சொந்தமாகக் கடை போட வங்கியில் கடன் கேட்டாள். வங்கி அவளுடைய கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. அறிக்கையின்படி அவள் அறுபத்தாறு வயது ஆண். ஆறு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் வாங்கி, நாலே தவணையோடு கம்பி நீட்டியவர்.

அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பழைய விண்ணப்பம் ஒன்றைத் தேடிப் பிடித்தபோதுதான் குட்டு உடைந்தது. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் அவள் அப்பாவின் பெயரை எழுதி வைத்திருந்தாள். விலாசமும் ஒன்றாக இருக்கவே, மகா புத்திசாலியான கணினி அப்பாவையும் மகளையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

"சார், அது எங்கப்பா. என்னைப் பாத்தாலே தெரியலையா?"

"எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியலையே," என்றார் அதிகாரி. அந்த ஸ்கூட்டர் கடன் பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். "இது என்னோட கடன்தான்னு அப்பாகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்குள்ள வரலைன்னா உங்க ஃபைலை மூடிடுவோம்."

அங்கேதான் சிக்கல். அப்பா, கடன் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிற மகான். கடன் வாங்கிய சொந்தக்காரர்களின் வீடு தேடிப்போய் இலவசமாக உபதேசம் செய்தவர். நகலை நீட்டியதும் மகானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கம்ப்யூட்டர் தப்பும்மா, நம்பாதே."

"கையெழுத்து உங்களோடதுப்பா. நான் கடை போடணும்."

அம்மா ஈரக்கையோடு வந்து நகலை வாங்கிப் படித்தாள். வண்டியின் நிறம்கூட அதில் இருந்தது.

"நீல கலரா? உங்க தங்கச்சி நம்ம வாசல்ல ஹார்ன் அடிச்சிக்கிட்டுப் போவாளே, அந்த வண்டியா?"

அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை நின்று பத்து வருடம். அப்பா தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

"நான் வாஷிங் மெஷின் கேட்டப்போ, தவணைல வாங்குற சாமான் வீட்டுக்கு ஆகாதுன்னீங்க."

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று மகளுக்கு இருந்தது.

"எழுதிக் குடுங்க. புள்ளையாவது பொழைக்கட்டும்."

அப்பா எழுதிக் கொடுத்தார். அறிக்கை திருந்தியது, கடனும் கிடைத்தது. வீட்டில் அம்மா சோற்றை மேஜையில் வைப்பாள், போவாள். அவரோடு ஒரு வார்த்தை கிடையாது.

கடை திறக்கும் நாளன்று, மகள் செருப்பு மாட்டும்போது அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர் தப்பு அப்படியே இருந்திருக்கலாம் இல்ல?"

"உங்களுக்கு இருந்திருக்கலாம்ப்பா," என்றாள் அவள்.