அவள் அடித்த நல்ல வரி

பல் மருத்துவரின் அறைக்கு வெளியே, வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தபோதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ‘இங்கே அமர்ந்திருப்பவர்கள் நிற்க வேண்டாம்’ என்று சுவரில் ஓர் அறிவிப்பு. எழுந்து போனாள். கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவுவது, அடிப்பது, மறுபடி கொண்டையில் செருகுவது மூன்றும் அவளுக்கு ஒரே அசைவு. வரவேற்பு மேசைப் பெண் முறைத்தாள்.

“முறைக்காதேம்மா. உக்காந்திருக்கிறவங்க எப்படி நிப்பாங்க? நீயே சொல்லு.”

ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. எந்தத் தகராறையும் ‘ஆனாலும்’ என்று தொடங்குவதால் அலுவலகத்தில் அவள் பெயர் ‘ஆனாலும் அக்கா’. திரையில் படிப்பது அவளுக்கு ஒத்துவராது. தாளில் எடுத்து, வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து, வாய்விட்டுப் படிப்பாள். மேற்கோள் வந்தால் அதைச் சொன்ன ஆளின் குரலிலேயே படிப்பாள். அமைச்சர் என்றால் கனைத்துக்கொள்வாள். நடிகை என்றால் கொஞ்சுவாள். குரல் வாயில் உட்காராவிட்டால், “இது அந்த ஆள் பேசினது இல்ல, தம்பி. நீ பேசினது” என்று தாள் நிருபருக்கே திரும்பிவிடும். அவள் படிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்கள் தேநீரோடு வந்து நிற்பார்கள்.

வீட்டில் திருத்த ஆள் ஒருவர்தான்: கணவர். பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பேசத் தொடங்குவார், நடுவில் சொல் தேடி நிற்பார். அவர் தேடி முடிப்பதற்குள் இவள் வாக்கியத்தை முடித்துவிடுவாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். “எங்க வீட்டுக்காரர் கொசுவைக்கூட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அடிப்பார்” என்பது அலுவலகத்தில் அவள் அடிக்கடி சொல்லும் வேடிக்கை. வாயில்லாப் பூச்சி என்றும் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பு இருக்கும், சின்னதாக ஒரு சலிப்பும் இருக்கும்.

அந்த வாரத்து அட்டைப்படக் கட்டுரை கணவரின் நிறுவனத்தைப் பற்றியது. பள்ளி வருகைப் பதிவு முதல் மருத்துவமனை ரசீது வரை எல்லாம் அவர்கள் மென்பொருளில் ஓடுவது, எதிரே முளைத்த சின்ன நிறுவனங்களை வாங்கி இழுத்து மூடியது, மாட்டிய வாடிக்கையாளர் விலக முடியாதது. நிறுவனத்தைக் கிழித்து எழுதிய அந்தக் கட்டுரையும் அதே நிறுவனத்தின் மென்பொருளில்தான் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவள் வீட்டு உலையும் அங்கிருந்து வரும் சம்பளத்தில்தான் கொதிக்கிறது. அதற்காக ஒரு வரியையும் அவள் மென்மையாக்கவில்லை.

நான்காம் பக்கத்தில் பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர் வந்தார். அவள் வழக்கம்போல் வாய்விட்டுத் தொடங்கினாள்.

“அது ஒரு... சலவை இயந்திரம் மாதிரிங்க. உள்ள போட்ட சட்டை நம்மளுதுதான். ஆனா கதவு... அது நினைச்சாத்தான் திறக்கும்.”

வாயில் வந்து உட்கார்ந்தது கணவரின் குரல். இடையில் விட்ட மூச்சு உட்பட.

அளவுகோல் அங்கேயே நின்றது. அந்த நிறுவனத்து நேர்முகத் தேர்வன்று காலையில், இருந்த ஒரே நல்ல சட்டையைச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டு, திறக்காத கதவின் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றவர் அவர். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் தொளதொளச் சட்டையில் போனார். நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் ஒலிவாங்கியைக் கையில் திணித்தபோது அவருக்குச் சொல்லக் கிடைத்ததும் இந்த ஒரு கதைதான். கூடமே சிரித்தது. அந்த வரியை அங்கே யார் படித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாளே வேலை போய்விடும்.

பயத்தோடு, பெருமை மாதிரி ஏதோ ஒன்றும் காதோரம் சூடாக ஏறியது. மேலே படித்தாள். வாங்கி மூடிய நிறுவனங்களின் விவரம், கூட்டங்களில் பேசப்பட்டது, எல்லாம் அந்த ஊழியர் கொடுத்தது. ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. தன் மனைவி எந்த இதழில் மெய்ப்புப் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் இங்கே வந்திருக்கிறார்.

நிருபரைக் கூப்பிட்டாள்.

“இந்தச் சலவை இயந்திர வரி வேண்டாம், தம்பி.”

“ஐயோ அக்கா! அதைத்தான் அட்டையில போடணும்னு ஆசிரியர் குதிக்கிறாரு. கட்டுரைக்கு உயிரே அதுதான்.”

“இருக்கட்டும்.”

“என்ன தப்பு அதுல?”

“ஒரு தப்பும் இல்ல. நான் இந்த வேலைக்கு வந்து இப்படி ஒரு வரி பார்த்ததில்ல.”

“அப்புறம் என்ன?”

“ஆனாலும்... பேரைத்தானே மறைச்சிருக்கே, பேச்சை மறைக்கலியே. இப்படி ஒருத்தர்தான் பேசுவார். அவரோட வேலை பார்க்கிறவங்க படிச்சா முடிஞ்சது கதை. உயிர் போனா உன் கட்டுரைக்குப் போகட்டும், தம்பி. அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.”

நிருபர் உதட்டைக் கடித்தார். அடையாளம் வெளியே வராது என்று அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தவர் இவர்தான். பிறகு மெதுவாகக் கேட்டார்: “உங்களுக்கு அவரைத் தெரியுமாக்கா?”

“எனக்கு யாரைத் தெரியும்?” என்றாள். சொன்ன பிறகு, அது முழுப் பொய்யும் இல்லை என்று பட்டது.

வரியை அடித்தாள். ‘சேர்ந்தவர்கள் தங்கள் தரவுகளோடு வெளியேறுவது கடினம்’ என்று மேலே எழுதினாள். செத்த வரி. யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வேண்டியிருந்ததும் அதுதான். அவர் தந்த விவரங்களில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. பக்கத்து மேசைக்காரர், “என்னக்கா, இன்னைக்கு வாயில்லாப் பூச்சி கதை எதுவும் இல்லையா?” என்று வம்புக்கு இழுத்தார்.

“வாயெல்லாம் இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க.”

மாலையில் வீடு திரும்பியபோது கணவர் சலவை இயந்திரத்தின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் திறக்கலியா?”

“ம்ஹூம். அதுவா மனசு வெச்சாத்தான்.” மூடிய கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் போன வாரம் ஒருத்தர்கிட்ட... அது வந்து...”

நின்றார். சொல் தேடினார். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கொண்டையிலிருந்து பேனாவை உருவி, மூடி, மேசைமேல் வைத்தாள். அவிழ்ந்த கூந்தலோடு அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.