ஐக்கிய இராச்சியத்தின் எட்டுப் பொன்னாடைகள்

கிறிஸ்துநாயகம் பொன்னாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். ஜரிகையின் மேல் ஈரத் துணி விரித்து, அதற்கு மேல்தான் பெட்டியை வைப்பார். நேரே வைத்தால் ஜரிகை கறுத்துவிடுமாம். மோர்டனில் அவர் வேலை செய்யும் சலவைக் கடையில் மத்தியானம் ஆள் வரத்துக் குறைந்ததும் இதுதான் வேலை. மொத்தம் எட்டுப் பொன்னாடை. எட்டும் ஏழு வருடமாக லண்டன் தமிழர்களின் தோள்களில் ஏறி இறங்குகின்றன. விழாவில் போர்த்துவார், விழா முடிந்ததும் வாசலில் நின்று, "அண்ணை, அதை இங்காலை தாங்கோ, அடுத்த முறைக்கும் வேணும்" என்று சிரித்தபடி உருவிக்கொள்வார். கௌரவம் உங்களுக்கு, துணி அவருக்கு. எனக்கும் ஒருமுறை போர்த்தினார். கார் வரைக்கும் கொண்டுபோக விடவில்லை.

கடைக்கு வெளியே அவர் வேறு ஆள். பதினான்கு நாடுகளின் தமிழ்ப் பிள்ளைகள் பங்குபற்றும் அனைத்துலகச் சிறுவர் பாடல் போட்டிக்கு அவர்தான் ஐக்கிய இராச்சியத்தின் தேசியத் தலைவர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. அவரைத் தெரிவுசெய்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் மண்டபத்தைப் பூட்ட வந்தவர். "யூகே எண்டால் நான், நான் எண்டால் யூகே" என்று அன்று தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பூசைக்கு வரும்போதும் கழற்றமாட்டார். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கையில், சுவாமியாருக்கு எழுத்துத் தெரியும்படி அதைத் திருப்பிவிட்டுக்கொள்வார்.

போட்டியில் ஒவ்வொரு நாடும் தன் மண்டபத்தில் இருந்தபடியே இணையவழியில் பாடும். நாட்டுக்கு ஒரு பிள்ளை, ஐந்து நிமிடம். நேரம் ஓடத் தொடங்கினால் நிற்காது. ஐந்து நிமிடம் முடிந்தால் திரை அடுத்த நாட்டுக்குத் தாவிவிடும். மற்ற நாட்டுப் பிள்ளைகள் வந்து, வணக்கம் சொல்லி, பாடிவிட்டுப் போகிறார்கள். எங்கள் நாயகம் அப்படி விடுவாரா? போன வருடமும் அதற்கு முந்திய வருடமும், "நேரம் கருதி ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று மைக்கைப் பிடித்தார். வரவேற்றார், நினைவுகூர்ந்தார், பெயர் விடுபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், பிறகு அந்தப் பெயர்களையும் வாசித்தார். இரண்டு வருடமும் பிள்ளை பல்லவியோடு நின்றது. இரண்டு வருடமும் பதினான்காம் இடம். "நோர்வேக்காரருக்கு எங்களிலை எரிச்சல். சதி, வேறை ஒண்டுமில்லை" என்பது தேசியத் தலைவரின் ஆய்வு. மூன்றாம் முறையும் கடைசியாக வந்தால் அந்த நாட்டின் இடத்தையே எடுத்துவிடுவார்கள். அது போட்டியின் விதி.

இந்த வருடம் பாட இருந்தவள் ஷெறோன், பத்து வயது. மழையைப் பற்றிய பாட்டு, மூன்று நிமிடம் நாற்பது செக்கன். அதன் இரண்டாவது சரணத்தில் ஓர் உச்சி இருக்கிறது. குரல் அதில் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் இறங்கவேண்டும். ஐந்து மாதமாக அந்த இடத்தில் குரல் உடைந்துகொண்டே இருந்தது. போட்டிக்கு முதல் வாரம், பாட்டு ரீச்சர் றோஸ்மலரின் வீட்டில் பிடித்துவிட்டாள். பிடித்த சந்தோசத்தில் கதிரையில் ஏறிக் குதித்தாளாம்.

தாய் எமில்டா வைத்தியசாலை ஷிப்ட் முடிந்த கையோடு சலவைக் கடைக்கே வந்துவிட்டார். நான் சலவைக்குக் கொடுத்த சூட்டை எடுக்க அங்கே நின்றேன்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்த முறை பேச்சு வேண்டாம். பிள்ளை அந்த ரெண்டாவது சரணத்தைப் பாடவேணும். எனக்கு அது காணும்."

"பேச்சுத்தானே? விடுங்கோ தங்கச்சி." நாயகம் நெஞ்சில் கை வைத்தார். "மாதா சத்தியமா என்ரை வாயாலை ஒரு சொல் வராது."

அட, நல்ல மனுசன் என்று நானும் நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். "தம்பி, நல்ல கமெரா வைச்சிருக்கிறீர் எல்லே? படம் எடுக்கிறது நீர்தான்" என்று என்னையும் கையோடு பிடித்துப் போட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். திரையின் மூலையில் ஐந்து நிமிடம் குறையத் தொடங்கியது. ஷெறோன் மைக்கின் முன்னால் நிற்கிறாள். பக்கத்துக் கதவால் நாயகம் வருகிறார். கையில் தட்டு, தட்டில் எட்டுப் பொன்னாடை.

சத்தியத்தைக் காப்பாற்றினார் மனுசன். ஒரு சொல் பேசவில்லை. கீபோர்ட் வாசிக்கும் கொட்வினுக்கு ஒன்று, றோஸ்மலர் ரீச்சருக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்காரருக்கு ஒன்று, மண்டபம் பூட்டுபவருக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் உதறி விரித்து, ஜரிகை தெரியப் பிடித்து, போர்த்தி, கும்பிட்டு, என் பக்கம் திரும்பிப் படத்துக்கு நின்றார். ஒன்றுக்கு இருபத்தைந்து செக்கன். "மாமா, டைம் போகுது" என்றாள் ஷெறோன். அது மைக் வழியே பதினான்கு நாட்டுக்கும் கேட்டிருக்கும். முன்வரிசையில் எமில்டா எழுந்து, "அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார். நாயகம் உதட்டில் விரல் வைத்து, "உஸ்ஸ்" என்றார். நிகழ்ச்சி நடக்கும்போது சத்தம் போடக்கூடாது அல்லவா! எட்டாவது பொன்னாடையைக் கொட்வினின் கையில் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் தன் தோளைக் காட்டிக் குனிந்தார்.

ஷெறோனுக்கு மிஞ்சியது ஒரு நிமிடம் நாற்பது செக்கன். பாடினாள். சொல்லி வேலையில்லை, அப்படிப் பாடினாள். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு மூச்சை இழுத்தாள். திரையில் டென்மார்க் வந்துவிட்டது. இழுத்த மூச்சோடு பிள்ளை அப்படியே நின்றது. "நீ பாடம்மா, நாங்கள் கேக்கிறம்" என்று நாற்பது பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னேனா? இல்லை. நானும் டென்மார்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் முடிவு வந்தது. பதினான்காம் இடம். அடுத்த வருடத்திலிருந்து ஐக்கிய இராச்சியத்துக்குப் போட்டியில் இடமில்லை என்று அறிவிப்பாளர் வருத்தத்தோடு சொன்னார். ஷெறோன் தாயின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

நாயகம் எழுந்து கழுத்து அட்டையை நேராக்கினார். "நான் அப்பவே சொன்னனான், சதி எண்டு. இப்ப டென்மார்க்கும் சேந்திட்டுது." பிறகு சுற்றிப் பார்த்தார். எட்டுப் பொன்னாடையும் எட்டுத் தோளில் கிடந்தன. கொட்வினுடையதை உருவினார்.

"பிள்ளைக்கு ஒரு கௌரவம் செய்யாமல் விடேலாது. இஞ்சை வாங்கோ அம்மா."

"வேண்டாம் அண்ணை, விடுங்கோ அவளை" என்றார் எமில்டா. அதற்குள் நாயகம் பிள்ளையின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"தம்பி, எடும்."

பெரிய ஆட்களுக்கு நெய்த துணி அது. ஷெறோனின் தோளிலிருந்து தரை வரைக்கும் விழுந்தது. ஜரிகை நிலத்தில் படக்கூடாது என்று நாயகம் இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்தார். துணி எழும்பி, பிள்ளையின் நாடியைத் தாண்டி, வாயை மூடியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. நுனிகளை இறுக்கிப் பிடித்தபடி, என் கமெராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.