சுஷி கடையில் நான் சிரித்த படம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கணவரின் ஆண்டுத் திதி வருவதற்கு முன்பே, மலேசியாவின் ஈப்போவில் தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்துவரும் சுஷி கடைக்கு நான் சென்றது உண்மை. நான் முன்பு வாழ்ந்த தோட்டத்துத் தோழி அழைத்தாள், விருப்பத்துடனே சென்றேன்.

அவள் கமுந்திங் ஊர்த் தொழிற்சாலையில் பொருள்கள் நகரும் பெல்ட் அருகே நின்று உழைத்து ஓய்வு பெற்றவள். மீன் வைத்த சோற்றுருண்டைகளை உண்டு முடித்ததும், பழைய பழக்கத்தில் காலித் தட்டை மீண்டும் பெல்ட்டிலேயே வைத்துவிட்டாள். அது அடுத்த மேசையை நோக்கி நகர்ந்தது.

"என்னடி செய்யிற?" என்றேன்.

"முடிஞ்ச சாமான் பெல்ட்டுல போவணும்லா," என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் அதைப் படமெடுத்தாள். குடும்பத்தாரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அப்படத்தை நானே இட்டேன்.

சற்று நேரத்தில் கொழுந்தனாரின் குரற்பதிவு வந்தது. "அண்ணன் போயி ஒரு வருசம் ஆவல. அதுக்குள்ள அண்ணிக்கு சிரிப்பு, போட்டோவா? அத அழிச்சிருங்க."

நானும் குரலிலேயே மறுமொழி அனுப்பினேன். "அழிக்க மாட்டேன் தம்பி. படுக்கையில கெடந்த உங்க அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, கழுவிவிட்டு நின்னப்ப யாரும் என்னைய போட்டோ எடுக்க வரல. இப்ப மட்டும் என்ன?"

கைப்பேசியை மூடி வைக்குமாறு தோழி கெஞ்சினாள். நான் இறால் வைத்த தட்டொன்றை எடுத்து ஏந்திக்கொண்டு, இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அதையும் குழுவுக்கு அனுப்பினேன். துக்கம் என்னுடையது, அதை எவ்வாறு சுமப்பது என்பதை நானே முடிவு செய்வேன்.

நாளை இதைப் பிறர் வேறுவிதமாகக் கூறக்கூடும். ஆகையால் நான் எழுதிய இதை உங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.