டர்னர் வளையம்

பாய் முதன்முதலாக என் லேத்துப் பட்டறைக்கு வந்தபோது ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி வந்தார். ஹெல்மெட்டுக்குள்ளே பழைய கைலியில் சுற்றி ஒரு சிலிண்டர் ஹெட் இருந்தது. படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன மோட்டாருடையது, இரண்டு கைக்குள் அடங்கிவிடும். கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனம் வரை, லாரிகள் முட்டிக்கொண்டு போகிற சாலையில், மண்டை காய இப்படியே வந்திருக்கிறார். “தலைக்குப் போடறத இதுக்குப் போட்டுக்கினு வர்றீங்களே பாய்?” என்றேன். “தல ஒடஞ்சா தையல் போடுவாங்க டர்னரே. இதுல ஒரு கீறல் வுழுந்தா எவன் தைப்பான்?” என்றார். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் அவர் பாய்தான்.

வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் பல வருஷம் மோட்டார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பொம்மையார்பாளையத்தில் கடலுக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்டு ஒரு கடை வைத்தார். ரிப்பேர் வேலைதான் சோறு போட்டது. ஆனால் அவர் மனசு ரிப்பேரில் இல்லை, வேகத்தில் இருந்தது. ஒரே மாதிரி மோட்டார், ஒரே மாதிரி பைபர் படகு, ஆனால் கரைக்கு முதலில் வந்து சேருகிறவன் மீனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. பத்தாவதாக வருகிறவன் மீனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் மீனவர்கள் அவரிடம் வந்து, கொஞ்சம் வேகம் கூட்டித் தர முடியுமா என்று கேட்பார்கள். அந்தக் “கொஞ்சம்” என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததே இல்லை.

ஹெட்டின் அடிப்பக்கத்தை அரை மில்லி இழைத்துக் கொடுக்கச் சொல்வார். கார்பரேட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே கம்பெனிக்காரன் வேகத்தைக் கட்டிப்போட வைத்திருக்கும் தகட்டின் ஓட்டையைப் பெரிசாக்கச் சொல்வார். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் இலைகளை ஒரு மயிரிழை திருப்பி, மூன்றும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று என் லேத்தில் சுழற்றிப் பார்ப்பார். புதுச்சேரி பக்கத்திலேயே லேத்து இல்லையா என்று கேட்டால், “அங்க குடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஊரே காப்பி அடிச்சிடும். நீ கடலையே பார்க்காத ஆளு, உனக்கு ஒண்ணும் புரியாது” என்பார். அது முழுப் பொய்யில்லை. ஓமந்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போன குடும்பம் என்னுடையது. ஐடிஐ படித்து லேத்தைப் பிடித்த பிறகும் கடல் என்றால் எனக்கு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது கால் நனைத்த தண்ணீர்தான். நீச்சல் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஆனாலும் என் கையால் இழைத்த ஹெட் மாட்டிய படகு ஒன்று முதல் தடவை கரையோரமாகச் சீறிக்கொண்டு போனதைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். படகின் முன்பாதி தண்ணீரிலேயே இல்லை. என் வேலை அதுவரை டிராக்டர் புஷ், ரைஸ்மில் ஷாப்ட், போர்வெல் பைப்புக்கு மரை போடுவது. எந்த ஷாப்டும் என் முன்னால் இப்படி ஓடிக் காட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

பாய்க்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. இந்த மோட்டார்களில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதற்கு அடியில் ஒரு சின்னக் கவ்வியைச் செருகினால்தான் மோட்டார் ஓடும். கவ்வியிலிருந்து ஒரு சுருள் கயிறு வரும், அதன் மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு கவ்வியை இழுத்துவிடும், மோட்டார் அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். பாய் தன் சட்டைப் பையில் எப்போதும் கவ்வி கோத்த ஒரு சிவப்புக் கயிறு வைத்திருப்பார். அதை மாட்டாமல் எந்த மோட்டாரையும் கடலில் ஓட்டிப் பார்க்க மாட்டார். “நம்ம வேகத்தக் கூட்டி வுட்டிருக்கோம், நிறுத்தறதுக்கும் நம்மதான் பொறுப்பு” என்பார்.

மீனவர்களுக்கு அந்தக் கயிறு பெரிய பேஜாராக இருந்தது. வலை இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். நடுக்கடலில் நின்றால் பரவாயில்லை, கரைக்கு வரும்போது அலை உடைகிற இடத்தில் நின்றால் படகே கவிழ்ந்துவிடும். கவிழ்ந்து கைகால் ஒடிந்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் கவ்வியை மட்டும் தூண்டில் நரம்பு வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நரம்பு வெயிலில் இற்றுப்போகும், கவ்வி கழன்று கடலில் விழும். ஒரு நாள் பாயின் வாடிக்கையாளர் ஒருவர், பொம்மையார்பாளையத்துப் படகுக்காரர், என்னிடமே நேராகக் கேட்டார். “டர்னரே, கயலாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். புண்ணியமாப் போவும்.”

எனக்கு அது பத்து நிமிஷ வேலை. பித்தளைக் கம்பியில் ஒரு சின்ன வளையம் கடைந்து, ஒரு பக்கம் வாய் பிளந்து, பொத்தானுக்கு அடியில் இறுக்கமாக உட்காருகிற மாதிரி அளவு வைத்துக் கொடுத்தேன். ஒரு தடவை தட்டி ஏற்றிவிட்டால் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால்தான் வரும். உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. படகுக்காரர் அதை எல்லோரிடமும் காட்டினார். அடுத்த வாரம் நாலு பேர் கேட்டார்கள், அதற்கடுத்த வாரம் கணக்கில்லை. “டர்னர் வளையம்” என்று பேரே வைத்துவிட்டார்கள். என் பேரை யாரும் எதற்கும் வைத்ததில்லை. பெருமையாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பாய் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, “நான் கயித்த மாட்டுன்றேன், நீ வாணான்ற. ஜனங்க யார் பேச்சக் கேப்பாங்க?” என்று கேட்டார். மீனவர்கள் சொல்கிற அலைக் கதையை நான் அவரிடம் சொன்னேன். கடைசியில் அவர் வாடிக்கைக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் தான் ஓட்டும்போது வளையத்தை நெம்பி எடுத்துவிட்டுத் தன் கயிற்றைத்தான் மாட்டுவார்.

பங்குனி வெயில் அன்றைக்கு. காலை பத்தரை மணிக்கே மணல் காலைச் சுட்டது. அந்தப் படகுக்காரர் ஒற்றை ஆள் போகிற மாதிரி லேசான புதுப் படகு ஒன்று வாங்கியிருந்தார். அதில் மாட்ட, நானும் பாயும் இரண்டு மாசம் மெனக்கெட்டுத் தயார் செய்த மோட்டாரைத் தள்ளிக்கொண்டுபோய் மாட்டினோம். பாரத்தோடு எப்படி ஓடுகிறது என்று பார்க்க பெட்ரோல் டேங்கை முழுக்க நிரப்பினோம். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். படகுக்காரர் முன்னாலேயே தட்டி ஏற்றியிருந்த வளையத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார், வரவில்லை. “டர்னரே, பைய எடுத்துக்கினு வாயேன்” என்றார். கருவிப் பை மேட்டில் வண்டியில் இருந்தது. அந்த மணலில் செருப்பில்லாமல் ஏறி இறங்க எனக்குச் சோம்பலாக இருந்தது. “ரெண்டு ரவுண்டுக்கு இன்னா பாய், போயிட்டு வாங்க” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினார்.

முதல் ரவுண்டு நன்றாகப் போனது. படகுக்காரர் என் தோளில் அடித்துக் கத்தினார். இரண்டாவது ரவுண்டில் திரும்பும்போது ஒரு சின்ன அலை, அவ்வளவு சின்னதை அலை என்றே சொல்ல முடியாது, படகின் விளிம்பில் தட்டியது. பாய் காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்தார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நன்றாக நீந்துவார் என்று தெரியும். பிறகுதான் மோட்டார் சத்தம் நிற்கவில்லை என்பது உறைத்தது.

ஆள் இல்லாத படகு நேராகப் போய்த் தொலைந்திருந்தால் போதும். கைப்பிடியை யாரும் பிடிக்காவிட்டால் மோட்டார் ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும், படகு வட்டம் போட ஆரம்பிக்கும். வட்டத்துக்கு நடுவில் பாய். வெளியே நீந்தினால் வட்டமும் காற்றோடு அவர் பக்கமே நகர்ந்து வந்தது. படகு கிட்டே வரும்போது முங்குவார், போனதும் எழுந்திருப்பார், கையைத் தூக்கிக் காட்டுவார். படகுக்காரர் பக்கத்தில் கிடந்த தன் பழைய படகைத் தள்ளிக்கொண்டு போனார். அவரால் வட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. எதிலும் அந்த வேகம் இல்லை. அந்தக் கரையில் அதைத் துரத்திப் பிடிக்கக்கூடிய மோட்டார் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் இரண்டு மாசம் வேலை செய்தோம். “பெட்ரோல் எவ்ளோ இருக்குது?” என்று படகிலிருந்து கத்திக் கேட்டார் படகுக்காரர். “டேங்க் நெறைய” என்று நான் கத்தினேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்? இடுப்பளவு தண்ணீரில் நின்று “பாய், பாய்” என்று கூப்பிட்டேன். அவர் முங்க வேண்டிய நேரத்தில் நான் கூப்பிட்டு அவர் கவனத்தைக் கலைக்கிறேனோ என்று பயந்து அதையும் நிறுத்திவிட்டேன். மூச்சு வாங்க அவர் எழுந்திருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கையைத் தூக்குவது நின்றுபோனது.

கடைசியில் படகுக்காரர் தன் புது வலையை அப்படியே அள்ளி வட்டத்தின் வழியில் வீசினார். விசிறியில் வலை சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றது. ஆனால் அதற்கு முந்தைய சுற்றிலேயே விசிறி பாயின் தோளையும் கழுத்தையும் கிழித்துவிட்டிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். ஆட்டோவில் அவர் கால் என் மடியில் இருந்தது. நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தேன், அவருக்குக் கேட்டதா தெரியாது.

அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அடக்கம் நடந்த அன்றே நினைத்தேன். ஆனால் கணவனை இழந்தவர் இருக்க வேண்டிய இத்தா முடியும்வரை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. நாலு மாசம் பத்து நாள் அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டு திரிந்தேன். லேத்தில் எதைக் கடைந்தாலும் கை தவறியது. இத்தா முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாவே ஆரம்பித்தார். “ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன். செவப்புக் கயிறு சட்டப் பையிலயே இருந்திச்சிண்ணே. அத மாட்டறதுக்கு இன்னா கேடு அவருக்கு?” இத்தனை நாளும் அவர் பாயின் மேல்தான் கோபமாக இருந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வளையம் நான் செய்தது என்றேன். அதைக் கழற்றப் பாய் கருவிப் பை கேட்டார், நான் போய் எடுத்துவரவில்லை என்றேன். அந்த அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். “மத்தவங்க படகுல இருக்கறதயாவது கயட்டிடுங்கண்ணே” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்குப் போனேன். யாரும் என்னை விரட்டவில்லை. மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார்கள், பாயைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வளையத்தைத் தொட மட்டும் விடவில்லை. “அலையில மோட்டார் நின்னா நீங்க வந்து காப்பாத்துவீங்களா டர்னரே?” என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு வலையை வீசிய படகுக்காரர் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாசம் கழித்துப் பார்த்தால் அவர் மோட்டாரிலும் பளபளவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் செய்வதை நிறுத்தி எவ்வளவோ நாளாயிற்று. எங்கே வாங்கினீர்கள் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், “விழுப்புரத்துல கெடைக்குது” என்றார்.

பேரிங் வாங்க விழுப்புரம் போனபோது அந்தக் கடையைத் தேடிப் பிடித்தேன். பம்ப்செட்டுக்கும் படகு மோட்டாருக்கும் உதிரிப் பாகம் விற்கிற கடை. கல்லாவுக்கு மேலே கொக்கியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் கொத்தாகத் தொங்கின. எங்கோ மெஷினில் போட்டு எடுத்திருக்கிறார்கள், என் வேலையைவிடச் சுத்தமாக இருந்தது. யோசிக்கவில்லை, அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்து பட்டறையில் உருக்கிக் கட்டியாக்கினேன். அன்றைக்கு ராத்திரி பல மாசம் கழித்து நன்றாகத் தூங்கினேன். பாயின் மனைவியிடம்கூட, “பாதி வேலை முடிஞ்சிதும்மா” என்று போனில் சொன்னேன்.

போன மாசம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கொக்கி ஒன்றாக இருந்த இடத்தில் மூன்று இருந்தது. மூன்றிலும் நிறையத் தொங்கியது, கீழே பிரிக்காத அட்டைப் பெட்டி வேறு. “போன வாட்டி ஒரே ஆளா அள்ளிக்கினு போனீங்களே, நல்லா ஓடற சரக்குன்னு இந்த வாட்டி மூணு பங்கு சொல்லி வச்சிட்டேங்க. மரக்காணம் பக்கம்கூட கேக்க ஆரம்பிச்சிட்டாங்க” என்றார். வாங்கினால் இன்னும் வரவழைப்பார். விட்டுப்போனால் இவை நாளைக்கே படகேறிவிடும். அவர் கொக்கியிலிருந்து கொத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாத்தையும் கட்டிடட்டுங்களா?” என்று கேட்டார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார்.