மேனேஜர் பெயரில் ஒரு கோப்பு

எண்பதுகளின் கடைசியில் தென்காசிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக இருந்தேன். யுனிக்ஸ் இயந்திரம் ஒன்று, அதோடு இணைத்த திரைகள் நான்கு. வெளியே குற்றாலச் சாரல் சும்மா அடித்துக்கொண்டிருக்க, அதற்கு மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. மூக்குக்கு மேல் கோபம் வருவதுதான் தொல்லை.

தங்கையைப் பெண் பார்க்க வீரகேரளம்புதூரிலிருந்து வருகிறார்கள் என்று லீவு கேட்டேன். ஸ்டாக் எடுக்கிற நேரம், முடியாது என்றார் மேனேஜர். விறுவிறுவென்று வந்து உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி அவருக்கு அனுப்பிவிட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் புத்தி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்கப்போவதே அண்ணனுக்கு என்ன வேலை என்றுதான்.

அந்தக் கடிதம் எங்கும் பயணம் போய்விடவில்லை. இயந்திரத்துக்குள்ளேயே ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு உண்டு. வருகிற கடிதத்தை அதன் கடைசியில் சேர்த்துவிடும். பட்டுவாடா என்பது அவ்வளவுதான். உரியவர் எப்போது உள்ளே நுழைகிறாரோ, அப்போது தபால் வந்திருப்பதாகத் திரை சொல்லும். ஆனால் எங்கள் மேனேஜர் திரையைத் தொடவே மாட்டார். மூன்று மணிக்குத் தபால் கிளார்க் அவர் பெயரில் நுழைந்து, எல்லாவற்றையும் அச்செடுத்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, வரவுத் தபால் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். ஏறிவிட்டால் என் கதை கந்தல்.

மணி இரண்டே முக்கால். எவர் கோப்பையும் திறக்கிற ரூட் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. கடைசி ஆறு வரிகளை அழித்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. விரல் துறுதுறுத்தது. ஆனால் அதில் மற்றவர்கள் அவருக்கு எழுதியதும் இருக்கும். ஒருநாள் திறந்தவன் தினமும் திறப்பான். என்னை எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டு அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து, முதல் முறையாகத் திரைக்கு முன் உட்கார்ந்தார். நான் காட்டிய விசையை ஒற்றை விரலால் அழுத்தினார். கடிதம் அழிந்துபோயிற்று.

"ஏலே, இத நீயே அழிச்சிருக்கலாம்லா?"

"அழிச்சிருக்கலாம் அண்ணாச்சி."

"அப்போ எனக்கு வருத எல்லாத்தையும் நீ வாசிக்கலாம், என்ன?"

"வாசிக்கலாம். வாசிச்சதில்ல."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீ போயிட்டா இந்த மிஷின நான் யாரை நம்பிலே விடுவேன்? போ, தங்கச்சி காரியத்தப் பாத்துட்டு வா."