மடு வீதியில் மூன்று இறக்கங்கள்

மடு மாதா கோயில் திருவிழாக் காலத்தில் என் மருமகன் தாங்கி பூட்டிய பவுசர் லொறியில் குடிதண்ணீர் ஏற்றுவார். கூலி நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. டீசல் அவர் பாடு. அதனால் கியர் மாற்றுவதில் மிகுந்த சிக்கனம். இஞ்சின் இரைவதற்கு முன்பே அடுத்த கியருக்குப் போய்விடுவார். சமதரையில் இரண்டிலிருந்து நேரே நான்குக்குத் தாவுவார். அதிலெல்லாம் எனக்குப் பயமில்லை. இறக்கத்தைக் கண்டால் நியூட்ரலில் போட்டுப் பவுசரைத் தானாக உருள விடுவார், அதுதான் பயம். கோயிலடிக்கு முன் அப்படி மூன்று இறக்கங்கள். வீட்டில் இருந்தபடியே அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அன்று நானும் ஏறிக்கொண்டேன்.

“மாமா, உங்கட பாரத்துக்கும் டீசல் போகும்,” என்று சிரித்தார்.

வழியில் யாத்திரிகர்கள் தங்கியிருந்த கொட்டிலில் பாதித் தண்ணீரை இறக்கினோம். பிறகுதான் பயம் கூடியது. நிறைந்த தாங்கியில் தண்ணீர் அசையாது. பாதித் தாங்கியில் அது ஓடித் திரியும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் முன்னே வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் மோதியது.

முதல் இறக்கம். நியூட்ரல்.

“தம்பி, கியரிலேயே விட்டுக் காலை எடுத்தாலும் டீசல் மிஞ்சுமாம். வாசிச்சனான்.”

“எழுதினவர் பவுசர் ஓடினவரோ, மாமா?”

இரண்டாவது இறக்கத்தின் அடியில், மடுவுக்கு நடந்து போகும் பெண்கள் நிழல் தேடி வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். மருமகன் பிரேக்கை மிதித்தார். பவுசர் தயங்கியது, உடனே தண்ணீர் முன்னே பாய்ந்து அதைத் தள்ளியது. கியரைப் போடப் பார்த்தார்; அது உறுமியதே தவிர விழவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வீதியோர மணலில் நின்றிருந்தோம். பெண்களை எண்ணினேன். ஏழு. திரும்பவும் எண்ணினேன். ஏழு. ஆனால் முன்பு எத்தனை பேர்? எதையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லையே!

ஒருத்தி போத்தலோடு வந்தாள். “எங்களுக்கெண்டே நிப்பாட்டினீங்களோ, ஐயா?”

“எத்தினை பேர் பிள்ளை வந்தனீங்கள்?”

“ஏழு பேர். ஏன், ஆளுக்கு அளந்தோ தரப்போறீங்கள்?”

மருமகன் இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டார்.

மூன்றாவது இறக்கத்தில் அவர் கை பழக்கத்தில் கியர்த் தடிக்குப் போனது. அங்கேயே நின்றது. நியூட்ரலில் போடவில்லை. இஞ்சின் முனகி முனகிப் பவுசரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

மறுநாள் இரண்டு நடை; ஆறு இறக்கம். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கை எங்கே போகுமோ?

“நாளைக்கும் வாறன், தம்பி,” என்றேன்.

பாரத்தைப் பற்றி இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.